சித்தேரி மலைக் கிராமங்களுக்குச் சென்றுவர எக்ஸ்பல்ஸ் 200 எனக்குப் பொருந்துமா?

அரூர்ப் பயணி:

அனைவருக்கும் வணக்கம். வண்டி வாங்குவதற்கு முன் ஒரு தெளிவு வேண்டி எழுதுகிறேன். சற்று நீளமாகிவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். என் நிலவரத்தை முழுமையாகச் சொன்னால்தான் எனக்கேற்ற பதில் கிடைக்கும்.

நான் தருமபுரி மாவட்டம் அரூருக்கு அருகில் கால்நடைப் பணியில் இருக்கிறேன். மாடுகளுக்குச் செயற்கைமுறைக் கருவூட்டல் செய்வதும் தடுப்பூசி போடுவதும் அன்றாட வேலை. வாரத்தில் நான்கு நாட்கள் சமவெளிக் கிராமங்கள், இரண்டு நாட்கள் சித்தேரி மலை. மலைக்குத் தார்ச்சாலை இருக்கிறது. ஆனால் அதிலிருந்து பிரிந்து நான் போகவேண்டிய குக்கிராமங்கள் சிலவற்றுக்கு மண்பாதைதான். ஐப்பசி மழையில் செம்மண் சோப்புப் போல வழுக்கும், கோடையில் மண் அரித்துப்போய் உருண்டைக் கற்கள் மேலெழுந்து நிற்கும். வண்டியின் பின்புறத்தில் 3 லிட்டர் திரவ நைட்ரஜன் கலனும் மருந்துப் பெட்டியும் எப்போதும் இருக்கும். கலன் கவிழ்ந்து நைட்ரஜன் வெளியேறிவிட்டால் உள்ளே இருக்கும் உறைவிந்துக் குச்சிகள் அத்தனையும் வீண், அன்று சினைப்பருவத்தில் இருக்கும் பசுவுக்காகக் காத்திருக்கும் வீட்டுக்காரருக்கும் மூன்று வாரம் வீண்.

இப்போது வைத்திருப்பது ஒன்பது ஆண்டுகள் ஓடிய 125 சி.சி. வண்டி. சென்ற மழைக்காலத்தில் இரண்டு முறை சறுக்கி விழுந்தேன். அதனால் ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 4வி வாங்கலாமா என்று யோசிக்கிறேன். என் உயரம் 165 செ.மீ., எடை 62 கிலோ. அந்த வண்டியின் சீட் உயரம் 825 மி.மீ. என்கிறார்கள், கால் எட்டுமா என்ற பயம் இருக்கிறது. மாதம் ஒருமுறை மனைவியுடன் மஞ்சவாடிக் கணவாய் வழியாகச் சேலம் போய், அங்கிருந்து நான்குவழிச் சாலையில் கோயம்புத்தூர் செல்வேன். ஒரு வழிக்கே 200 கிலோமீட்டருக்கு மேல் வரும். அலுவலகத்தில் எல்லோரும், "எடுப்பதுதான் எடுக்கிறாய், ஹிமாலயன் 450 போன்ற பெரிய வண்டியாக எடுத்துவிடு" என்கிறார்கள். நண்பர்கள் சிலர் ஞாயிற்றுக்கிழமைகளில் காட்டுப் பாதைகளுக்கு அழைக்கிறார்கள். இத்தனைக்கும் ஒரே வண்டி போதுமா, எதை முதன்மையாக வைத்து முடிவெடுப்பது என்று அனுபவப்பட்டவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

போடி ஏலத்தோட்டம்:

வணக்கம் ஐயா. நான் போடியிலிருந்து போடிமெட்டு வழியாக மலையேறி, கேரளப் பக்கம் உள்ள ஏலத்தோட்டங்களில் மேற்பார்வை வேலை பார்ப்பவன். எக்ஸ்பல்ஸ் 200 4வி நான்கு ஆண்டுகளாக என்னிடம் இருக்கிறது. அதற்கு முன்னால் ஏறத்தாழ 200 கிலோ எடையுள்ள வண்டி ஒன்றை ஓட்டினேன். எடை என்பது எங்கே கணக்குக்கு வருகிறது என்பதை நான் அந்த வண்டியில்தான் தெரிந்துகொண்டேன், ஆகவே அதை முதலில் சொல்கிறேன்.

ஓர் ஆனி மாதம், தூறல் விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்த காலை நேரம். தோட்டத்து ஜீப் பாதையில் ஒரு திருப்பத்தில் முன்சக்கரம் பாசி பிடித்த கல்லில் ஏறி வழுக்க, வண்டி பள்ளத்தின் பக்கமாகச் சாய்ந்தது. எனக்கு அடி ஒன்றும் இல்லை. ஆனால் ஹேண்டில் கீழேயும் சக்கரங்கள் மேலேயுமாக வண்டி கிடந்தது. மூன்று முறை முயன்றேன். ஒவ்வொரு முறையும் முழங்கால் உயரத்துக்குத் தூக்கியதும் என் செருப்புதான் சேற்றில் வழுக்கியதே தவிர வண்டி நிமிரவில்லை. டேங்க் மூடியின் ஓரத்தில் பெட்ரோல் கசிந்து ஏலச்செடியின் அடியில் சொட்டிக்கொண்டிருந்தது. செல்பேசியில் சிக்னல் கிடையாது. கூலியாட்களை ஏற்றிக்கொண்டு வந்த ஜீப் ஒன்று அந்த வழியே வரும்வரை ஒன்றரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

எக்ஸ்பல்ஸும் இதே போல எத்தனையோ முறை விழுந்திருக்கிறது. அதன் எடை 158 கிலோ. ஹிமாலயன் 450-இன் எடை 196 கிலோ. வித்தியாசம் 38 கிலோ என்று காகிதத்தில் படிக்கும்போது சிறிதாகத் தெரியும். ஐம்பது கிலோ சிமெண்ட் மூட்டையில் முக்கால் மூட்டையை ஈரச் சரிவில் தனியாளாகக் கூடுதலாகத் தூக்க வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். வண்டி பள்ளத்தின் பக்கம் விழுந்தால் அப்படியே தூக்க முயலாதீர்கள். முதலில் முன்சக்கரத்தைப் பிடித்து இழுத்து, வண்டியைத் தரையோடு தரையாகச் சுழற்றி, சக்கரங்கள் பள்ளத்தின் பக்கம் வருமாறு செய்துகொண்டு, கியரைப் போட்டுவிட்டுத் தூக்குங்கள். இந்தச் சுழற்றும் வேலையை 158 கிலோ வண்டியில் 62 கிலோ ஆள் செய்துவிட முடியும். இன்னும் 40 கிலோ கூடினால், என்னால் முடியவில்லை; நான் 70 கிலோ.

21 அங்குல முன்சக்கரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். உங்கள் 125-இல் 17 அல்லது 18 அங்குலச் சக்கரம் இருக்கும். பெரிய சக்கரம் கல்லின் மீது மோதாமல் ஏறிக் கடக்கிறது. முன்புறம் 190 மி.மீ., பின்புறம் 170 மி.மீ. வரை அமுங்கும் சஸ்பென்ஷன் மீதி அதிர்ச்சியை வாங்கிக்கொள்கிறது. உங்கள் நைட்ரஜன் கலனுக்கு இது பெரிய நிம்மதி.

நெடுஞ்சாலையில் மட்டும் இதனிடம் அதிகம் எதிர்பார்க்காதீர்கள். சுமார் 19 குதிரைத்திறனும் ஐந்து கியரும் உள்ள வண்டி இது. 80 கி.மீ. வேகத்தில் சுகமாகப் போகும். 95-ஐத் தாண்டினால் எஞ்சின் சிரமப்படுவது கைப்பிடியிலேயே தெரியும், லாரியை முந்த நினைக்கும்போது கையில் மிச்சம் எதுவும் இருக்காது.

ஓசூர் நாற்கரம்:

முந்தைய பதிவர் சொன்னதில் எதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் நான் இதே வகை வண்டியை வாங்கிப் பதினான்கு மாதங்களில் விற்றவன் என்பதால், மறுபக்கத்தையும் சொல்வது என் கடமை என்று கருதுகிறேன்.

எனக்கு நேர்ந்தது இதுதான். வாங்கும்போது மனத்தில் இருந்ததெல்லாம் மலையும் மண்ணும். ஆனால் நான் ஓட்டிய 11,000 கிலோமீட்டரில் மண்பாதை 400 கூட இருக்காது. மீதி முழுவதும் ஓசூருக்கும் பெங்களூருக்கும் இடையிலான நெடுஞ்சாலை. பக்கத்தில் பேருந்து கடக்கும்போதெல்லாம் உயரமான, எடை குறைந்த வண்டியைக் காற்று அரை அடி தள்ளும். குறுகலான சீட்டில் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் உட்கார முடியவில்லை. பின்னால் உட்கார்ந்த என் மனைவி ஒருமுறைக்கு மேல் வர மறுத்துவிட்டார். வண்டியின் மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை. நான் வாழும் வாழ்க்கைக்கு அது தேவைப்படவில்லை.

ஆகவே வாங்குவதற்கு முன் மூன்று வாரம் ஒரு குறிப்பேடு போடுங்கள். ஒவ்வொரு நாளும் எத்தனை கிலோமீட்டர் தார், எத்தனை மண், எத்தனை நெடுஞ்சாலை, எந்த இடத்தில் வண்டியால் முடியாமல் திரும்பினீர்கள் என்று எழுதுங்கள். மனைவியுடன் கோயம்புத்தூர் செல்வது உங்களுக்கு முக்கியம் என்றால் சுசுகி வி-ஸ்ட்ரோம் எஸ்எக்ஸ் வண்டியையும் ஓட்டிப் பாருங்கள். 250 சி.சி., 26.5 குதிரைத்திறன், எடை 167 கிலோ. 19 அங்குல முன்சக்கரம், டியூப்லெஸ் டயர். இருவராகச் செல்ல அது வசதியாக இருக்கும். சீட் 835 மி.மீ. என்பதால் கால் எட்டுவது இன்னும் சற்றுக் கடினம். கரடுமுரடான கற்பாதைக்கு எக்ஸ்பல்ஸ் அளவுக்கு அது ஈடுகொடுக்காது.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். நீங்கள் செல்லும் மலைக் கிராமங்களில் இருப்பவர்கள் எதில் வருகிறார்கள்? பெரும்பாலும் டிவிஎஸ் எக்ஸ்எல் 100-இலும் பழைய ஸ்பிளெண்டரிலும்தான் வந்துகொண்டிருப்பார்கள். எக்ஸ்எல்லின் எடை 90 கிலோவுக்கும் குறைவு. உங்கள் 125-க்கே பள்ளம் ஆழமான நல்ல டயர் இரண்டு போட்டுப் பார்த்தீர்களா? விழுந்ததற்குத் தேய்ந்த டயர்தான் காரணம் என்றால் சில ஆயிரம் ரூபாயில் வேலை முடிந்துவிடும்.

கோத்தகிரி ஆசிரியை:

சகோதரருக்கு வணக்கம். கால் எட்டுமா என்ற கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன், ஏனென்றால் என் உயரம் 158 செ.மீ., நான் மூன்று ஆண்டுகளாக எக்ஸ்பல்ஸில்தான் பள்ளிக்குப் போகிறேன்.

சீட் உயரத்தை எண்ணாக மட்டும் பார்க்கக் கூடாது. எக்ஸ்பல்ஸின் சீட் முன்புறம் குறுகலாக இருப்பதால் கால்கள் அகலாமல் நேராகக் கீழே இறங்கும். அதே 825 மி.மீ. உயரம் அகலமான சீட் உள்ள வண்டியில் இதைவிட உயரமாகத் தோன்றும். ஆனால் உங்களைப் போல, என்னைப் போல, எடை குறைந்தவர்கள் உட்கார்ந்தால் சஸ்பென்ஷன் அதிகம் அமுங்காது. ஷோரூமில் எண்பது கிலோ விற்பனையாளர் உட்கார்ந்து இரண்டு பாதங்களையும் ஊன்றிக் காட்டுவதை நம்பி முடிவு செய்யாதீர்கள். பின் சஸ்பென்ஷனின் இறுக்கத்தைக் குறைந்த நிலையில் வைக்கச் சொல்லிவிட்டு, வேலைக்கு அணியும் அதே காலணியுடன், கலனும் பெட்டியும் சேர்ந்த எடையைப் பின்னால் கட்டிக்கொண்டு உட்கார்ந்து பாருங்கள். இரண்டு பாதங்களும் முழுவதுமாக ஊன்ற வேண்டிய தேவை இல்லை. இடுப்பை ஒரு பக்கம் நகர்த்தி ஒரு பாதத்தை முழுமையாக ஊன்றப் பழகினால் போதும். மேட்டில் நிறுத்தும்போது எப்போதும் இடது காலை ஊன்றி வலது காலைப் பிரேக்கில் வைத்திருக்க வேண்டும்.

சமதளத்தில் ஓட்டிப் பார்ப்பதால் மட்டும் ஒன்றும் தெரியாது. சரிவில் மூக்கைக் கீழ்நோக்கி நிறுத்திவிட்டு, சீட்டில் உட்கார்ந்தபடியே கால்களால் பின்னுக்குத் தள்ள முடிகிறதா என்று பாருங்கள். எனக்கு அது முடியாது. ஆகவே திரும்ப இடமில்லாத இடத்தில் நான் இறங்கிப் பக்கத்தில் நின்றுதான் வண்டியைத் திருப்புவேன், எடை குறைந்த வண்டி என்பதால் அது சாத்தியமாகிறது. புரோ என்ற வகையை மட்டும் தவிர்த்துவிடுங்கள். அதில் சஸ்பென்ஷன் நீளம் அதிகம், சீட் 891 மி.மீ.; போட்டிகளில் ஓட்டுபவர்களுக்கு உரியது அது. சீட்டைத் தாழ்த்துவதற்காக முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் உயரத்தைக் குறைத்து, பின்புறத்தில் வேறு இணைப்புத் தகடு போட்டுக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். தரையிலிருந்து உள்ள 220 மி.மீ. இடைவெளிக்காகத்தான் இந்த வண்டியையே வாங்குகிறோம், அதைக் குறைத்துக்கொள்வதில் பொருள் இல்லை. மெத்தையை இரண்டு செ.மீ. செதுக்கித் தைத்துக்கொள்வது நல்லது. நான் அப்படித்தான் செய்தேன்.

ஞாயிற்றுக்கிழமைக் காட்டுப் பாதைகளை உங்கள் தேவைக் கணக்கில் சேர்க்கவே சேர்க்காதீர்கள். காப்புக் காட்டுக்குள் அனுமதியின்றி நுழைவது தமிழ்நாடு வனச் சட்டம், 1882-இன்படி குற்றம். அது ஒருபுறம் இருக்க, வண்டிச் சத்தத்துக்கு மிரண்டு சாலையைக் கடக்க முடியாமல் நின்ற காட்டெருமைக் கூட்டத்தை நான் பார்த்திருக்கிறேன். ஊர்களுக்கிடையே உள்ள பொது மண்பாதைகளே நமக்குப் போதும்.

பட்டறைக்காரர், கோவை:

தம்பி, இருபத்திரண்டு வருடமாகப் பட்டறை வைத்திருக்கிறேன். ஓசூர்த் தம்பி டயரைப் பற்றிச் சொன்னது முழுக்க நியாயம். முதலில் அதைச் செய்து பாருங்கள். சேற்றில் விழுபவர்களில் பாதிப்பேர் டயரில் காற்றை 32 பி.எஸ்.ஐ. அழுத்தத்துக்கு மேல் கல் போல அடித்துக்கொண்டு போகிறவர்கள். மண்பாதை தொடங்கும் இடத்தில் சற்றுக் குறைத்து, திரும்பி வந்ததும் அடித்துக்கொண்டால் பிடிமானத்தில் பெரிய வித்தியாசம் தெரியும். அதற்கு ஒரு கைப்பம்பும் காற்றழுத்தமானியும் பெட்டியில் இருக்க வேண்டும்.

எக்ஸ்பல்ஸ் வாங்குவதென்றால் ஒரு வேலையை நீங்களே கற்றுக்கொண்டாக வேண்டும். ஸ்போக் சக்கரம் அடியைத் தாங்கும், கோணினால் நிமிர்த்தலாம். அலாய் சக்கரம் அடிபட்டு வளைந்தால் பழைய உறுதி திரும்பாது. ஆனால் இந்த வண்டியில் ஸ்போக்கின் முனைகள் ரிம்மைத் துளைத்துக்கொண்டு வருவதால் உள்ளே டியூப் போட்டாக வேண்டும். டியூப்லெஸ்ஸில் ஆணி ஏறினால் மெதுவாகக் காற்று இறங்கும், திரியைச் செருகிவிட்டுப் போய்விடலாம். டியூபில் ஆணி ஏறினால் சில நொடிகளில் தட்டையாகிவிடும். மலை மேல் எந்தப் பஞ்சர் கடையும் இராது. நீளமான இரண்டு டயர் லீவர், அச்சு நட்டுக்கேற்ற ஸ்பேனர், 21 அங்குல டியூப் ஒன்று — இவ்வளவும் வேண்டும். 21 அங்குல டியூபை அவசரத்துக்கு 18 அங்குலப் பின்சக்கரத்திலும் மடித்துப் போட்டு வீடு வந்து சேரலாம் என்பதால், ஒன்றே ஒன்று வைத்திருப்பவர் பெரியதை வைத்திருப்பது புத்திசாலித்தனம். வீட்டு வாசலில் இரண்டு முறை கழற்றி மாட்டிப் பழகுங்கள். டயரின் ஓரத்தை ரிம்மின் நடுப்பள்ளத்தில் மிதித்து இறக்கிவிட்டு எதிர்ப்பக்கம் நெம்பினால் அதிகப் பலம் தேவையில்லை. இதைத் தெரியாமல் பலத்தால் நெம்புகிறவர்கள்தான் புது டியூபையும் கிள்ளி ஓட்டையாக்கிவிடுகிறார்கள்.

எடை குறைந்த வண்டியை வாங்கி எடை கூட்டிவிடாதீர்கள். என்னிடம் வருகிறவர்களில் பலர் முதல் மாதத்திலேயே கனமான இரும்பு கிராஷ் கார்டு, பக்கப் பெட்டிகள், கூடுதல் விளக்குகள் என்று இருபது கிலோவை ஏற்றிவிடுகிறார்கள். உங்களுக்குக் கைக்காப்பும் எஞ்சினுக்கு அடியில் கெட்டியான தகடும் போதும். நைட்ரஜன் கலனைப் பின் கேரியரின் கடைசியில் உயரமாக வைக்கக் கூடாது. முன்சக்கரம் பாரம் இழந்து ஏற்றத்தில் அலையும். நீங்கள் தனியாகச் செல்லும் நாட்களில் பின் சீட்டின் மேலேயே, உங்கள் முதுகுக்கு நெருக்கமாக, கலனின் அடி பொருந்தும் அளவுக்கு ஒரு வளையம் வைத்த தட்டும், அடியில் கெட்டியான ரப்பர் மெத்தையும் அமைத்துக் கட்டுங்கள். கலனின் மூடியை இறுக்கி அடைக்கக் கூடாது என்பது உங்களுக்கே தெரியும். ஆவி வெளியேற வழி இருக்குமாறு பட்டையைக் கழுத்தில் மட்டும் போடுங்கள்.

எக்ஸ்பல்ஸ் 200-ஆ, எக்ஸ்பல்ஸ் 210-ஆ என்று யாராவது கேட்பார்கள் என்பதால் அதையும் சொல்கிறேன். 2025-இல் வந்த 210-இல் நீரால் குளிரூட்டப்படும் எஞ்சின், ஆறு கியர், 24.6 குதிரைத்திறன்; நெடுஞ்சாலையில் நிச்சயம் மேல். எடை பத்து கிலோ கூடும், விலையும் கூடும், ரேடியேட்டர் என்ற ஒன்றைக் கல்லிலிருந்து காப்பாற்ற வேண்டும். 200-இன் எஞ்சின் எண்ணெயால் குளிர்வது, எந்த ஊர்ப் பட்டறையிலும் கை வைக்கத் தயங்க மாட்டார்கள்.

அரூர்ப் பயணி:

மூன்று வாரங்கள் கழித்து எழுதுகிறேன். பொறுமையாகப் பதிலளித்த அனைவருக்கும் என் மனமார்ந்த நன்றி.

குறிப்பேடு போட்டேன். மொத்தம் 1,130 கிலோமீட்டர். அதில் கிராமத்துத் தார்ச்சாலை 560, கோயம்புத்தூர் சென்று வந்த வகையில் 450, மண்பாதை 120. எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் மண்பாதை பத்தில் ஒரு பங்குதான், ஓசூர் நண்பர் சொன்ன பக்கமே தராசு சாய்கிறது. ஆனால் நான் பாதியில் திரும்பிய நான்கு நாட்களும், போகாமலே விட்ட இரண்டு அழைப்புகளும் அந்த 120-க்குள்தான் இருக்கின்றன. இரண்டாவது வாரம் டயர்களை மாற்றினேன், காற்றையும் குறைத்துப் பார்த்தேன். சேற்றில் முன்னேற்றம் நன்றாகவே தெரிந்தது. கற்கள் நிறைந்த இரண்டு ஏற்றங்களில் மட்டும் சைலன்ஸரும் எஞ்சினின் அடிப்பகுதியும் கல்லில் இடிப்பதற்கு டயர் ஒன்றும் செய்ய முடியவில்லை.

பாப்பிரெட்டிப்பட்டியில் தெரிந்தவர் ஒருவரின் எக்ஸ்பல்ஸை ஒரு நாள் வாங்கி ஓட்டினேன். அவர் வீட்டுக் களத்துமேட்டில் வண்டியைப் படுக்கப்போட்டு, போடி நண்பர் சொன்னபடி சுழற்றித் தூக்கிப் பார்த்தேன். முதல்முறை முடியவில்லை, முதுகைத் திருப்பி இடுப்பைச் சீட்டில் பொருத்தி, காலால் உந்தியதும் நிமிர்ந்துவிட்டது. கால் எட்டுவதும் ஆசிரியை அவர்கள் சொன்னது போல ஒரு பாதம் என்ற கணக்கில் சரியாகிவிட்டது. மனைவியையும் பின்னால் உட்காரவைத்துச் சேலம் சாலையில் முப்பது கிலோமீட்டர் சென்று வந்தேன். கோயம்புத்தூருக்கு இனிப் பேருந்தில் போவோம் என்று அவரே சொல்லிவிட்டார். அது முடிவானதும் 210-க்கும் வி-ஸ்ட்ரோமுக்கும் என் கணக்கில் காரணம் இல்லாமல் போய்விட்டது. 125-ஐ விற்கப் போவதில்லை. சமவெளி நாட்களுக்கு அதுவே போதும்.

இந்த ஏற்பாட்டில் புது வண்டி வாங்கும் செலவு அதிகம் என்பதால், அதே 200 4வி-யில் பழைய வண்டி ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். பட்டறை அண்ணன் எதையெல்லாம் பார்த்து வாங்க வேண்டும் என்று சொன்னால் உதவியாக இருக்கும்.

பட்டறைக்காரர், கோவை:

நல்ல முடிவு தம்பி. காலையில் எஞ்சின் சூடாவதற்கு முன் போய்ப் பாருங்கள். முன் ஃபோர்க்கின் பளபளப்பான குழாயில் விரலை ஓட்டினால் கீறல் தட்டுப்படக் கூடாது, எண்ணெய்க் கசிவும் கூடாது. முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கச் சொல்லி, கையால் சுழற்றி ரிம் ஆடுகிறதா என்று பாருங்கள். ஒவ்வொரு ஸ்போக்கையும் ஸ்பேனரால் தட்டினால் ஒரே மாதிரி கணீரென்று ஒலிக்க வேண்டும், மந்தமாக ஒலிப்பது தளர்ந்தது. அதே நிலையில் ஹேண்டிலை இடமும் வலமும் மெதுவாகத் திருப்புங்கள். நடுவில் ஓரிடத்தில் பள்ளத்தில் விழுவது போல நின்றால் ஸ்டீயரிங் பேரிங் போய்விட்டது. ஏர் ஃபில்டர் மூடியைத் திறக்கச் சொல்லுங்கள். ஃபில்டரைத் தாண்டி உள்பக்கக் குழாயில் செம்மண் தூசு இருந்தால், விலையை எவ்வளவு குறைத்தாலும் அந்த வண்டி வேண்டாம். அடித்தகட்டில் கீறல்கள் இருப்பதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். எஞ்சின் உறையில் பற்றவைத்த தழும்பு இருக்கிறதா என்பதை மட்டும் டார்ச் அடித்துப் பாருங்கள். கோவைக்குப் பேருந்தில் வரும்போது பட்டறைப் பக்கம் வாருங்கள், கலனுக்கான வளையத்தை அளவெடுத்துச் செய்து தருகிறேன்.